முகில் மறைத்த தெரு

போன மாதம் சுகந்தி போன் எடுத்தாள். நான் வேலை செய்த கம்பனியில் இப்போது அவள்தான் பொறுப்பு. சிங்கப்பூரில் பிறந்து, லண்டனுக்குப் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவள்.

"அங்கிள், பழைய ஸ்டீரியோஸ்கோப் எல்லாத்தையும் ஆபீஸ்ல இருந்து எடுக்கப் போறாங்க. இனிமே படத்தை கம்ப்யூட்டரே பார்த்துடும். புதுசா சேர்ந்தவங்க முந்தி எப்படி வேலை செஞ்சீங்கன்னு கேட்கிறாங்க. ஒரு பக்கம் எழுதித் தாங்களேன். கொஞ்சம் உற்சாகமா இருந்தா நல்லாருக்கும்."

உற்சாகமாக ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அனுப்பிய பிறகு திரும்ப வாசித்துப் பார்த்தேன். எழுத வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதியிருந்தேன். அந்த விட்ட பகுதியைத்தான் இப்போது தமிழில் எழுதுகிறேன். இது டீக்மன் என்ற ஒரு ஜேர்மன்காரரைப் பற்றியது. அவர் செத்த பிறகு அவருடைய மனைவியிடம் நான் சொன்ன ஒரு சொல்லைப் பற்றியது. அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் செய்தும் என் மனைவிக்கே அதை ஒழுங்காக விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் விமானங்கள் ஜேர்மனியின் நகரங்களின் மேல் குண்டு போட்டன. போட்ட குண்டு சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்காக, பிறகு வேறொரு விமானம் போய் மேலிருந்து படம் எடுத்தது. விழுந்த குண்டுகளில் ஒரு பங்கு வெடிக்கவில்லை. அவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. இன்றைக்கு அங்கே ஒரு வீடோ பள்ளிக்கூடமோ கட்டுவதென்றால், கீழே குண்டு கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க உதவுவது அன்றைக்குக் குண்டு போட்டவர்கள் எடுத்த அதே படங்கள்தான். எங்கள் கம்பனி அந்தப் படங்களின் பிரதிகளை எடுத்து, அவற்றைப் படித்து, அறிக்கை எழுதி ஜேர்மனிக்கு அனுப்பியது. அடித்தவனிடமே போய் "எங்கே அடித்தாய்" என்று கேட்கிற வேலை. முதன்முதலில் கேள்விப்பட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

நான் அதற்குள் வந்தது தற்செயல். யாழ்ப்பாணத்தில் அரசாங்க நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவனாக இருந்தேன். எண்பதுகளில் எல்லாரையும் போலக் கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்குள் நுழைந்து, வடக்கே ஒரு சின்ன ஊரில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். அங்கேதான் டொச் என்கிற ஜேர்மன் மொழி பழகினேன். பிறகு கலியாணம் பேசி லண்டனுக்கு வந்தேன். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தபோது, டொச் வாசிக்கத் தெரிந்த, வரைபடம் தெரிந்த ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. ஸ்ட்ரெதத்தில் ஒரு பல் வைத்தியரின் மாடியில் கந்தோர். நேர்முகத்தில், ஒரே இடத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படத்தை ஸ்டீரியோஸ்கோப் என்ற கண்ணாடிக் கருவியின் கீழே சோடியாக வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். நிலம் மேலே எழும்பி வந்தது. வீட்டுக் கூரைகள், மரங்கள், ஒரு தேவாலயத்தின் கோபுரம் எல்லாம் என் மூக்கை இடிப்பதுபோல நின்றன. "எழும்புது" என்றேன். வேலை கிடைத்தது.

படம் படிக்கப் பழக்கியவர் மிஸ் ஆல்டன். எங்கள் மேலதிகாரி. மெலிந்த, உயரமான மனுசி. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை விட வேறொன்றை அவர் போட்டு நான் கண்டதில்லை. நாங்கள் வேலை செய்யும்போது பின்னால் வந்து நிற்பார், வந்தது தெரியாது. பாராட்டமாட்டார், ஏசவும் மாட்டார். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "நீ அதைப் பார்த்தாயா, நினைத்தாயா?"

எளிய கேள்வி போல இருக்கும். அதில் தப்பியவர்கள் குறைவு. வெடித்த குண்டு பெரிய பள்ளத்தை விடும், அதைச் சுற்றி வெளிறிய மண் கிடக்கும், குழந்தைக்கும் தெரியும். வெடிக்காதது ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். ஒரு பசு மாடும் அப்படித்தான் தெரியும். கிணறும், புதரும், புகைபோக்கியின் நிழலும், பிலிமில் ஒட்டிய தூசியும் அப்படித்தான். தூசியென்றால் சோடிப் படங்களில் ஒன்றில் மட்டும் இருக்கும். மாடென்றால் அடுத்த படத்தில் நகர்ந்திருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. நிழல் நம்மை நோக்கி விழும்படி படத்தை வைக்காவிட்டால், பள்ளமெல்லாம் மேடாகத் தெரியும். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் வடக்கை மேலே வைத்துப் பழகினவர்கள். முதல் வாரம் முழுக்க மலைகளைக் கண்டுபிடிப்பார்கள். மிஸ் ஆல்டன் ஒன்றும் பேசாமல் அவர்களுடைய படத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார்.

இன்னொன்று, வரிசை. ஒரு விமானம் குண்டுகளை விட்டால் அவை ஒரே கோட்டில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் விழும். பள்ளம், பள்ளம், பள்ளம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடி பள்ளம். அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் தேட வேண்டும். ஆனால் தேடுகிறவனுக்கு அங்கே புள்ளி தெரியத் தொடங்கிவிடும், இல்லாவிட்டாலும் தெரியும். அதனால் மிஸ் ஆல்டன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புள்ளியைக் கண்டதும் எழும்பி யன்னலடிக்குப் போய், ஹை ரோட்டில் போகிற பஸ்களைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். திரும்பி வந்து பார்க்கும்போதும் இருந்தால் சிவப்புப் பென்சில். இல்லையென்று உறுதியானால் நீலம். முகிலோ, புகையோ, நிழலோ மறைத்த இடத்துக்குச் சாதாரணக் கரிப் பென்சில்: தெரியாது. "தெரியாது என்பதும் ஒரு பதில். அதை மரியாதையாக எழுது" என்பார். குண்டு என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. "பொருள்" என்றுதான் சொல்லுவார்.

எனக்குத் தந்தது ஒரு நகரம். அதன் பெயரை எழுதமாட்டேன். வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இன்னும் செல்லும் என்று சட்டம் படித்த என் மகள் வெருட்டி வைத்திருக்கிறாள். வடக்கு ஜேர்மனியில், ஒரு கால்வாயும் பெரிய ரயில் சந்தியும் இரும்பாலையும் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அங்கே பல ஊர்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அந்த நகரத்தின் சரித்திரத்தை நான் மேலிருந்து படித்தேன். முதற் படங்களில் அது முழுசாக இருக்கிறது. சந்தை கூடுகிற நாளில் கூடாரங்களும், மைதானத்தில் பந்தடிக்கிறவர்களின் நிழல்களும் தெரியும். பிறகு ரயில் சந்தியில் சில பள்ளங்கள். பிறகு ஒரு கோடையில் எடுத்த படத்தில் நடு நகரம் தேன்வதை போல இருக்கும். சுவர் நிற்கிறது, கூரை இல்லை, உள்ளே வெறும் அறைகள். அடுத்ததில் சுவரும் இல்லை. பிறகு சண்டை முடிந்து, இங்கிலாந்துப் படை ஊரைப் பிடித்துக்கொண்ட காலத்துப் படங்கள். இடிபாடுகளுக்கு நடுவே வரிசை வரிசையாகப் புள்ளிகள். வாளியில் கல் சுமக்கிற பெண்கள். தெருவிலும் உருளைக்கிழங்குப் பாத்தி. கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளுக்கு அரைவட்டத் தகரக் கொட்டில்கள். வெளியில் துணி காய்வதுகூடத் தெரியும். அகதிக் கொட்டிலில் படுத்து எழும்பினவன் நான். அந்தக் கொடித் துணிகளைப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பிட முடியாமல் இருந்த நாட்கள் உண்டு.

என் அறிக்கைகள் போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தவர்தான் டீக்மன். அந்த நகரத்தில் குண்டு செயலிழக்கச் செய்கிற குழுவின் தலைவர். நான் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட இடத்தில் அவர் குழி தோண்டி இறங்குவார். எத்தனையோ வருடம் போனில் கதைத்தோம். நேரில் ஒருநாளும் காணவில்லை. கடைசிவரை ஒருவரை ஒருவர் நீங்கள் என்றுதான் பேசிக்கொண்டோம். டொச்சில் பேசியதைத் தமிழில் எழுதும்போது எனக்கு ஊர்ப் பேச்சில்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஹெர் குலா, நீங்கள் போட்ட வட்டத்திலை தோண்டினம். ஒரு பழைய தண்ணித் தொட்டி" என்று ஒருநாள் சொன்னார். குலா என்பது நான், ஹெர் என்றால் டொச்சில் மிஸ்டர்.

"மன்னிக்க வேணும்" என்றேன்.

"என்னத்துக்கு மன்னிப்பு? தண்ணித் தொட்டியெண்டால் நான் பின்னேரம் வீட்டை போவன். நீங்கள் இன்னும் பிழை விடவேணும்."

அப்படி ஒரு மனிதர். அவர் சிரிக்கும்போது இருமலும் சேர்ந்து வரும்.

பழகி இரண்டு மூன்று வருடத்தில் ஒருநாள், அலுவல் கதைத்து முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தார். பிறகு, "ஒரு சொந்தக் கேள்வி. நான் வீடு வாங்கியிருக்கிறன், இரும்பாலைக்குப் பின்னாலை. அந்தத் தெருவை ஒருக்கால் பாக்க ஏலுமோ?" என்றார். நான் மிஸ் ஆல்டனிடம் கேட்டேன். அவர் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். கம்பனிக்கு வராத ஒரு வேலைக்கு அவர் அப்படி வந்து இருந்தது அந்த ஒரு தடவைதான்.

நகரத்துக்காரர் இரும்பாலையைக் காப்பாற்ற, விமானம் வருகிற நேரமெல்லாம் பீப்பாய்களில் புகை மூட்டுவார்கள். ஆலை தப்பியதோ இல்லையோ, பின்னாலிருந்த தெருக்கள் எல்லாப் படத்திலும் புகைக்குள் கிடந்தன. புகை இல்லாத நாளில் முகில். சண்டைக்குப் பிந்திய படத்தில் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் அதற்குள் இடிபாட்டை இழுத்து நிரவி அகதிகள் தோட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு பக்கத்திலிருந்து பள்ளங்களின் வரிசை ஒன்று புகைக்குள் நுழைந்தது, மறுபக்கத்தில் வெளியே வந்தது. நடுவில் எத்தனை வெடித்தது, எத்தனை வெடிக்கவில்லை என்று சொல்ல ஒருவராலும் முடியாது. நாங்கள் இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். யன்னலடிக்குப் போய் பஸ்ஸும் பார்த்தோம். மிஸ் ஆல்டன் கரிப் பென்சிலை எடுத்து என் கையில் தந்தார்.

போனில் சொன்னேன். "முகில். தெரியாது."

"சரி. வீடு வாங்கியாச்சு. இனி அங்கைதானே படுக்க வேணும்" என்றார். பிறகு இருமல். அதற்குப் பிறகு அந்தத் தெருவைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை.

இந்த வேலை பெரிய புண்ணியம் என்று லண்டன் மனோர் பார்க் முருகன் கோயிலில் எனக்குச் சொல்லுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அன்னதான வரிசையில் சிவராசா அண்ணை என் தோளைத் தட்டினார். யாழ்ப்பாணத்தில் வலிகாமத்து ஆள். இலங்கை ஆமி பிடித்து வைத்திருந்த அவருடைய காணியை அப்போதுதான் விட்டிருந்தார்கள்.

"தம்பி, நீ படத்தைப் பாத்துக் குண்டு இருக்கோ இல்லையோ எண்டு சொல்லுவியாம். அங்கை தம்பியார் கிணறு வெட்டப் போறன் எண்டு நிக்கிறான். எங்கடை வளவை ஒருக்காப் பாரன்."

"அண்ணை, அதுக்குப் படம் வேணும்."

"எடுத்திருப்பாங்கள்தானே. மேலாலை வந்துதானே போட்டவங்கள்."

"எடுத்திருப்பாங்கள். ஆனால் தரமாட்டாங்கள் அண்ணை."

"அப்ப ஜேர்மன்காரனுக்கு மட்டும் குடுக்கினமோ?" என்றார் கோபமாக. அந்தக் கோபம் என்னோடு அல்ல என்று எனக்குத் தெரியும். தன்னை அடித்தவனின் படத்தைப் பார்த்துத் தன் வீட்டைக் காப்பாற்றுகிற வசதி ஒரு நகரத்துக்குக் கிடைத்திருக்கிறது. அதில் வேலை செய்து நான் பென்சனும் சேர்க்கிறேன். எங்கள் வளவுக்கு, ஒன்றுமே இல்லை. தம்பியார் கிணற்றை வெட்டினார். நல்ல காலம், தண்ணீர்தான் வந்தது.

இனி முகாம் நிலத்துக் கேஸ். சண்டை முடிந்து ஊரைப் பிடித்த இங்கிலாந்துப் படை உடனே போய்விடவில்லை. முகாம் கட்டி, பிள்ளை குட்டியோடு பல பத்தாண்டுகள் இருந்தது. கடைசியில் போனபோது முகாம் நிலத்தை நகரம் திரும்ப எடுத்து, குடும்பங்களுக்கு வீடு கட்டத் திட்டம் போட்டது. எல்லைக்கோடு போட்ட வரைபடம் என் மேசைக்கு வந்தது. டீக்மன் போன் எடுத்தார்.

"படத்திலை முகாம் மைதானத்துக்கு நடுவிலை வெளிறின பட்டி மாதிரிக் கீலம் ஒண்டு தெரியுது. நிரவின பதுங்குகுழி எண்டு எங்கடை பெடியள் சொல்லுகினம். அதுக்குள்ளை கண்டதையும் போட்டு மூடியிருப்பாங்கள். முழுக்கத் தோண்ட வேணுமோ?"

நான் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அந்த நீள அகலம், இரண்டு முனையிலும் தேய்ந்த தடம், சுற்றிவரக் கறுத்த புல். "ஹெர் டீக்மன், அது கிரிக்கெட் பிட்ச்."

"என்ன அது?"

ஜேர்மன்காரருக்குக் கிரிக்கெட் விளங்கப்படுத்துவது குண்டு எடுப்பதை விடக் கஷ்டம். விக்கெட், ரோலர், பந்து எழும்புகிற விதம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "ஊரைப் பிடிச்சவங்கள் எங்கடை இடிபாட்டை நிரவி, அதுக்கு மேலை நாள் முழுக்க நிண்டு விளையாடினவங்களோ?" என்று அவர் கேட்டார். "தேத்தண்ணி இடைவேளையும் இருக்கு" என்றேன். இருமி இருமிச் சிரித்தார். பதுங்குகுழி இல்லையென்று ஆனதில் அவருக்குச் சந்தோசம். அந்த ஒரு நாள் எனக்கும் சந்தோசம்.

ஆனால் மைதானத்துக்கு முந்திய படங்களையும் பார்க்க வேண்டும். நகரம் பிடிபடுவதற்குச் சற்று முன் எடுத்த சோடியை வைத்தேன். ரயில் பாதையிலிருந்து பள்ளங்களின் வரிசை ஒன்று வயலுக்குள் வருகிறது. பள்ளம், பள்ளம், இடைவெளி, பள்ளம். அந்த இடைவெளியில் ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு படத்திலும் இருந்தது. வேறு நாள் எடுத்த படத்திலும் நகராமல் இருந்தது. பிறகு வந்த கிரிக்கெட் பிட்ச்சைப் பொருத்திப் பார்த்தால், புள்ளி அதன் ஒரு முனைக்குக் கீழே வந்தது. பந்து வீசுகிறவன் ஓடி வந்து காலை ஊன்றுகிற இடம். எத்தனை பேர் அதற்கு மேல் குதித்திருப்பார்கள், எத்தனை தரம் ரோலர் உருண்டிருக்கும் என்று நினைக்கவே கால் கூசியது.

மிஸ் ஆல்டன் பின்னால் நின்றார். "பார்த்தாயா, நினைத்தாயா?"

யன்னலடிக்குப் போனேன். பஸ் பார்த்தேன். திரும்பி வந்தேன். "பார்த்தேன்."

சிவப்புப் பென்சிலைத் தந்தார்.

தோண்டினார்கள். இருந்தது. இரசாயனத் திரவம் ஊறி ஊறித் தாமதமாக வெடிக்கச் செய்த வகை. அந்த வகையில் உள்ளே இருக்கிற தடுப்பு வருடக்கணக்காக உளுத்துக்கொண்டே இருக்கும். எப்போது விட்டுக்கொடுக்கும் என்று செய்தவனுக்கும் தெரியாது. இறங்குவதற்கு முதல்நாள் டீக்மன் போன் எடுத்தார். சுற்றியிருந்த சனங்களை வெளியேற்றியாகிவிட்டது என்றார். பக்கத்தில் இன்னொன்று இருக்கக் கூடுமா என்று கேட்டார். இல்லை, நீலம் போட்டிருக்கிறேன் என்றேன்.

"நீங்கள் பாத்ததுதானே?"

"ஓம், பாத்தனான்."

"அப்ப சரி. கிரிக்கெட் விளையாடிப்போட்டு வாறன்" என்றார்.

அடுத்தநாள் அவருடைய உதவியாளர்தான் போன் எடுத்தார். ஆயத்தம் செய்துகொண்டிருக்கும்போதே வெடித்துவிட்டது. கிட்ட நின்றது டீக்மன் மட்டும். மற்றவர்களை எட்டத்தில் நிறுத்தியிருந்தார். உதவியாளர் அழுதுகொண்டே, நான் குறித்த இடம் மிகச் சரியாக இருந்தது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னது அது. நான் போனை வைத்துவிட்டுக் கருவியின் கீழே அந்தப் படம் இன்னும் கிடந்ததைப் பார்த்தேன். அது தூசியாக இருந்திருக்கலாம். மாடாக இருந்திருக்கலாம். நான் பிழைவிட்டிருந்தால் அந்த மனிதர் பின்னேரம் வீட்டுக்குப் போயிருப்பார். பிழை விடவில்லை. என் தொழிலில் நான் செய்த ஆகச் சரியான வேலை அதுதான்.

விட்டிருந்தால் அது வீடு கட்டுகிறவர்களின் கையில் வெடித்திருக்கும், நீ எத்தனையோ பேரைக் காப்பாற்றினாய் என்று மனைவி சொன்னாள். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். கணக்குச் சரிதான். ஆனால் காப்பாற்றப்பட்டவர்கள் ஒருவரும் எனக்குப் போன் எடுத்ததில்லை, செத்தவர்தான் எடுத்தவர்.

அடுத்த கிழமை கம்பனியின் புது மனேஜர், வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகச் சுவரில் மாட்டும் பலகையில் அந்தப் படத்தை ஒட்டியிருந்தார். என் சிவப்பு வட்டம் பெரிதாக்கப்பட்டு, கீழே "கண்டுபிடிப்பு உறுதி செய்யப்பட்டது" என்று எழுதியிருந்தது. ஆள் செத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் அந்தப் பலகையை உடைத்திருப்பேன். மிஸ் ஆல்டன் முந்திக்கொண்டார். படத்தைக் கழற்றி, இரண்டாக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். மனேஜர் அதைப் பற்றி அவரிடம் கேட்கவே இல்லை. அந்த வருடமே மிஸ் ஆல்டன் ஓய்வு பெற்றார். விடைபெறும்போது கைகொடுத்துவிட்டு, "நீ பார்த்தாய்" என்றார். அது பாராட்டா, இரங்கலா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகும் சில வருடம் ஓட்டினேன். இடது கண்ணில் புரை விழுந்தது. நிலம் எழும்பி வருவது நின்றுபோனது. கண்ணை வெட்டித் திருத்திய பிறகும் சரிவரவில்லை. விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த நகரத்துக்கு முதன்முதலாகப் போனேன். டீக்மன் இறந்தபோது அவருடைய மனைவி ஹன்னேக்கு இரண்டு வரி எழுதியிருந்தேன். ஒவ்வொரு நத்தாருக்கும் அவர் கிறிஸ்மஸ் கார்ட் போடுவார், வரச் சொல்லி எழுதுவார். ரயிலால் இறங்கி வெளியே வந்ததும் வழி தெரியாமல் நின்றேன். ஒவ்வொரு கூரையையும் தெரிந்த ஊரில், ஒரு வாசலும் எனக்குத் தெரியவில்லை. முகாம் இருந்த இடத்துக்கு நடந்தேன். வீடுகள் கட்டி முடித்து ஆட்கள் குடியிருந்தார்கள். பல்கனிகளில் துணி காய்ந்தது. ஒரு மாடியில் அரபு மொழியில் யாரோ பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெடித்த இடத்தில் சைக்கிள் கொட்டில் இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். கும்பிட வேண்டும் போல இருந்தது. ஆனால் சைக்கிள் எடுக்க வருகிறவர்கள் பார்த்தார்கள், வந்துவிட்டேன்.

ஹன்னே இரும்பாலைக்குப் பின்னால் அந்த வீட்டிலேயே இருந்தார். எழுபதைத் தாண்டிய, குண்டான, சிரித்த முகமுள்ள மனுசி. குசினி மேசையில் கோப்பி ஊற்றி, பிளம்ஸ் கேக் வெட்டி வைத்தார். வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தடித்த காலுறையோடு நடந்தார், எங்கள் வீடுகளில் போலவே. அவருடைய கணவர் என்னைப் பற்றி வீட்டில் சொன்ன கதைகளை எனக்கே சொன்னார். கிரிக்கெட் கதையை அவர் சொன்ன விதத்தில் விக்கெட்டுக்குப் பதிலாகக் கோல் போஸ்ட் வந்தது. நான் திருத்தவில்லை.

"மகன் அடுத்த கிழமை தோட்டத்திலை பெரிய தாங்கி ஒண்டு மண்ணுக்குள்ளை புதைக்கிறான்" என்றார். "மழைத் தண்ணி சேக்கிறதுக்கு. மெசின் வருது, ஆழமாத் தோண்ட வேணுமாம். அவன் சொன்னவன், அம்மா, ஒருக்கால் சோதிச்சுப் பாப்பம் எண்டு. நான்தான் தேவையில்லை எண்டனான். எங்கடை காணியை லண்டனிலை இருக்கிற மனிசன் பாத்தவர், ஒண்டுமில்லையெண்டு சொன்னவர் எண்டு அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார் எண்டன்."

நான் கையில் எடுத்த கோப்பியை மேசையில் வைத்தேன்.

"முழு ஊரிலையும் இந்த ஒரு வளவு சுத்தம் எண்டு அவர் சொல்லுவார். அவர் காலமை வேலைக்குப் போனால் பின்னேரம் மட்டும் எனக்கு நெஞ்சு இடிக்கும். ஆனால் வீட்டுக்குள்ளை நான் பயந்ததில்லை. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேணும் எண்டு எத்தினை வருசம் நினைச்சிருப்பன்" என்று சொல்லி என் கையைப் பிடித்தார்.

எனக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. டீக்மன் இந்த மனுசிக்கு விட்டுப்போனது அந்த ஒரு பொய்தான். அந்தப் பொய்யின் மேல் ஹன்னே இத்தனை வருடம் நிம்மதியாகப் படுத்து எழும்பியிருக்கிறார். தாங்கி மட்டும் இல்லாவிட்டால் நான் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, ஓம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியிருப்பேன். அடுத்த கிழமை மெசின் வருகிறது. அதை ஓட்டப் போவது அவருடைய மகன்.

"மிசிஸ் டீக்மன்" என்றேன். "நான் அப்பிடிச் சொல்லேல்லை."

அவர் சிரித்த முகத்தோடே பார்த்தார். விளங்கவில்லை.

"இந்தத் தெரு படத்திலை தெரியேல்லை. எல்லாப் படத்திலையும் முகிலும் புகையும். நானும் பாத்தன், என்ரை மேலதிகாரியும் பாத்தவ. இருக்கோ இல்லையோ தெரியாது எண்டுதான் சொன்னனான். மகனை நிப்பாட்டுங்கோ. ஆக்களைக் கூப்பிட்டுச் சோதிச்சுப்போட்டுத் தோண்டச் சொல்லுங்கோ."

கை என் கையை விட்டது. "எப்ப சொன்னனீங்கள்?"

"வீடு வாங்கின நேரம்."

"அப்ப அவருக்கு முழுக்கத் தெரியும்."

"ஓம்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. ஏன் சொன்னீர்கள் என்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நல்லது. வெளியே பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டுகிற சத்தம் கேட்டது.

பிறகு அவர் மெல்ல, காலுறை போட்ட இரண்டு கால்களையும் நிலத்திலிருந்து தூக்கிக் கதிரையின் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டார். நான் எழும்பி விடைபெறும்வரை அவர் அவற்றைக் கீழே வைக்கவில்லை.